கஸ்தூரியக்கா கேட்டுச் சொன்ன சாலை

கஸ்தூரியக்கா போய்விட்டார் என்ற சேதி வந்தபோது நான் ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்துப் பக்கம் ஒரு பால்கோவா அடுப்படியில் கேனைச் சாய்த்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தேன். கையில் பால் இருக்கும்போது நான் போனை எடுப்பதில்லை. அது விடாமல் அடித்ததால் கேனைக் கீழே வைத்துவிட்டு எடுத்தேன். என் மகள் செல்வி.

"அப்பா, அத்தை போயிட்டாக. காலையில காப்பி குடிச்சிட்டுச் சாஞ்சவுக எந்திரிக்கல."

பால் சுண்டி இறுகும் நேரத்தில் கிண்டுகிறவர் கையை எடுக்கவே கூடாது. அந்த அடுப்படிக்காரர் வீட்டில் நல்லது கெட்டது எது நடந்தாலும் கையை எடுத்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். யார் என்று கிண்டிக்கொண்டே கேட்டார். ராஜபாளையத்து ரேடியோ அம்மா என்றேன். மனிதர் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். அந்தச் சட்டி அடிப்பிடித்தது.

அக்காவை அறிந்த உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்த ஆடி மாதத்து விஷயத்தை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லித் திரிகிறோம். நடந்தபடி ஒருவர் சொல்லிவைத்தால் தேவலை என்று பட்டது. நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவன். நான் சொல்கிறேன், செல்வி எழுதுகிறாள். நான் வழி மாறிப் போகும் இடங்களில் பேனாவை நிறுத்திவிட்டு முறைக்கிறாள். அவள் முறைப்பது எனக்குப் பழக்கம்தான்.

அக்காவின் வீட்டுக்காரர் நூல் மில்லில் மாஸ்டராக இருந்தவர். எந்த ஊருக்குப் போனாலும் அங்கே ஒரு நூல் மில் இருந்தால் அதற்குள் ஒரு ராஜபாளையத்துக்காரன் இருப்பான். அப்படித்தான் இவர்கள் கல்கத்தா பக்கம் போய், வெகு காலம் அங்கேயே குடித்தனம் நடத்தினார்கள். வீட்டுக்குள் தெலுங்கு, ஊர்க்காரர்களிடம் தமிழ், கடைக்குப் போனால் வங்காளி. வங்காளியை எப்படிப் படித்தீர்கள் என்று ஒரு முறை கேட்டேன். மீன் விற்கிறவளிடம் என்றார். "அதனால எனக்கு முதல்ல வைய்யத்தான் வந்துச்சு தம்பி. நல்ல வார்த்தையெல்லாம் பொறவுதான் வந்துச்சு."

வீட்டுக்காரர் காலமான பிறகு ராஜபாளையத்துக்கே வந்துவிட்டார். கூடவே அவருடைய ரேடியோவும் வந்தது. தோளில் மாட்டும் வாரும், இழுத்தால் முழ நீளத்துக்கு வரும் கம்பியும் உள்ள பழைய பெட்டி. வங்காளியில் செய்தி சொல்லும் வெளிநாட்டு நிலையங்கள் சில இன்னும் இருக்கின்றன. அவற்றைத் தினமும் சாயங்காலம் தேடிப் பிடித்துக் கேட்பார். எதற்கு இந்தப் பாடு என்றால், "பேச ஆளு இல்லேன்னா பாஷை துருப்பிடிச்சிரும். கேக்கவாவது செய்யணும்ல" என்பார். ஒரு நாட்டு நிலையத்தில் வாசிப்பவர் நடுநடுவே இருமுவார். அவருக்கு இருமல்காரர் என்று பெயர். இன்னொரு நாட்டு நிலையத்தில் ஒரு பெண் வாசிப்பார். அவர் வெங்கலத்தொண்டை. இருமல்காரர் ஒரு நாள் வராவிட்டால் மேலுக்கு முடியவில்லையோ என்னவோ என்று எங்களிடம் கவலைப்படுவார். எங்கோ கடல் தாண்டி இருக்கும் அந்த மனிதருக்கு ராஜபாளையத்தில் தனக்காகச் சுக்கு தட்டிவைக்கும் அளவுக்கு ஒருவர் இருந்தது கடைசி வரை தெரிந்திருக்காது.

இதெல்லாம் எங்களுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது, அந்த ஆடி வரும் வரைக்கும்.

என் மருமகன் முருகேசன் மில் ஃபிட்டர். நூற்கிற மிஷினைப் பிரித்துப் பூட்டுகிற வேலை. சம்பளம் கூட என்று பங்களாதேஷில் ஒரு மில்லுக்குப் போயிருந்தான். டாக்காவுக்கு வெளியே அந்த மில். அவனோடு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ரங்கன் என்ற பையனும் போயிருந்தான். ஆண்டாள் கோயில் பக்கம் தேங்காய் பழக்கடை வைத்திருக்கும் சீனிவாசனின் ஒரே மகன். செல்வி அப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். வாடகைக்கு இருந்தது அக்கா வீட்டுக்கு எதிர்வீடு. நான் சோழபுரத்தில் மாட்டைப் பார்த்துக்கொண்டு, பால் கொண்டுபோகும் வழியில் காலையும் மாலையும் அவளை எட்டிப் பார்ப்பேன்.

அந்த நாட்டில் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். போலீஸ் சுட்டது, பஸ்கள் எரிந்தன, அரசாங்கம் ஊரடங்கு போட்டது. அதற்கு மேல் நாடு முழுவதும் இன்டர்நெட்டை அறுத்துவிட்டார்கள். தினமும் ராத்திரி முகத்தைக் காட்டிப் பேசுகிற மருமகன் திடீரென்று இல்லாமல் போனான். சாதாரண போனில் போட்டால் சில நேரம் மணி அடிக்கும், எடுப்பதற்குள் அறுந்துபோகும். நம் டிவியில் ஒரே பஸ் நாள் முழுவதும் எரிந்துகொண்டிருந்தது. யாரோ செல்வியின் போனுக்கு ஒரு மில் எரிகிற படத்தை அனுப்பிவிட்டான். அது எந்த ஊர் மில், எந்த வருடம் எரிந்தது, ஒன்றும் கிடையாது. அந்தப் பிள்ளை அதைப் பார்த்துவிட்டுத் தண்ணீர்க் குழாயடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அக்காதான் வந்து தூக்கியிருக்கிறார். போனை வாங்கி அந்தப் படத்தைப் பார்த்தார். அதில் எழுதியிருந்த பலகையைப் படித்தார். இது அந்தப் பாஷையே இல்லை, வேறு எங்கேயோ என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் என் வீட்டுக்கு வா என்றார்.

அன்றைக்குத் தொடங்கியது அது. அந்தச் சிற்றலைச் செய்தி எங்கள் தெருவில் லேசில் கேட்காது. பக்கத்தில் சுப்பையா பேண்டேஜ் துணித் தறி ஓட்டுகிறார். தறி மோட்டார் ஓடினால் ரேடியோவில் எண்ணெய்ச் சட்டியில் கடுகு போட்ட மாதிரிதான் இருக்கும். அக்கா போய்க் கேட்டார். சுப்பையா தலையைச் சொறிந்துகொண்டு, "என் தறி ஓடினா பங்களாதேஷ் சேதி நொண்டும்னு இம்புட்டு நாளும் தெரியாமப் போச்சே" என்றார். அன்று முதல் செய்தி நேரத்துக்குத் தறியை நிறுத்தினார். தெருவில் மிக்ஸி போடுகிறவர்கள் மிக்ஸியை நிறுத்தினார்கள். புது மாதிரி பல்பும் இரைச்சல் போடுகிறது என்று தெரிந்ததும் அதையும் அணைத்தார்கள். யாராவது வாயைத் திறந்தால் அக்கா கையைத் தூக்கி "ஆகண்டி" என்பார். தெலுங்கில் பொறுங்கள் என்று அர்த்தம். அந்த ஒரு வார்த்தைத் தெலுங்கு தெருவில் எல்லோருக்கும் வந்துவிட்டது.

சீனிவாசன் கடையை அடைத்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் பிடித்து வருவார். முதல் நாள் வந்தபோது அவருக்கு நம்பிக்கையே இல்லை. "கலர் கலரா டிவியில காட்டுதான், அதுலயே ஒண்ணும் வெளங்கல. இவிய கொரகொரன்னு ஒரு பெட்டிய வச்சிக்கிட்டு" என்று என் காதில் முணுமுணுத்தார். அது அக்கா காதிலும் விழுந்தது. "டிவிக்காரன் அவன் பாத்தத காட்டுதான் சீனிவாசா. நமக்கு வேண்டியது நம்ம பையங்க இருக்கிற ரோடு" என்றார்.

அக்காவுக்கு ஒரு முறை இருந்தது. செய்தி முடிந்ததும் கண்ணை மூடிச் செத்த நேரம் இருப்பார். பிறகு இன்னின்ன சொன்னார்கள் என்பார். அடுத்து, இன்னின்னதைச் சொல்லவில்லை என்பார். மில் இருக்கும் ஊர்ப் பெயரை இன்றைக்கு இரண்டு பேரும் சொல்லவில்லை, அதனால் அங்கே நல்லது என்றும் சொல்ல முடியாது, கெட்டது என்றும் சொல்ல முடியாது என்பார். இருமல்காரர் சொன்னதை வெங்கலத்தொண்டையும் சொன்னால்தான் எங்களுக்கு வரும். இல்லையென்றால் அக்காவோடு நின்றுவிடும். "ஒருத்தன் சொன்னா அது சேதி. ரெண்டு தேசத்துக்காரன் சொன்னாத்தான் நடப்பு" என்பது அவர் கணக்கு. செல்வி ஒரு நாள், "அத்தை, அவுக நல்லாயிருக்காகன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்று கேட்டாள். அக்கா அவள் தலையைத் தடவினார். அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. எனக்குக் கோபம்கூட வந்தது. வயிற்றுப் பிள்ளைக்காரி கேட்கிறாள், சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று.

ஒரு சாயங்காலம் செய்தி முடிந்து அக்கா கண்ணைத் திறக்கிற நேரத்தில் என் போன் அடித்தது. நீளமாக என்னென்னவோ நம்பர். முருகேசன்.

"மாமா, சீக்கிரம் சொல்லுங்க. கட்டாயிரும். இங்க ஒண்ணுமே தெரியல. டிவி இல்ல, நெட் இல்ல. கேட்டுக்கு வெளிய என்ன நடக்குன்னு வாட்ச்மேனுக்கே தெரியல. மேனேஜர் காலையில ஒரு வேன் தாரேங்கான், திரிபுரா எல்லைக்கு. போகவா, இருக்கவா? அங்க என்ன சொல்லுதாக?"

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. சண்டை நடக்கிற நாட்டுக்குள் நிற்பவன், அவன் வாசல் சாலை எப்படி இருக்கிறது என்று ராஜபாளையத்தில் பால் ஊற்றுகிறவனைக் கேட்கிறான். நான் போனை அக்காவிடம் கொடுத்தேன்.

அக்கா தெளிவாகச் சொன்னார். நாளைக் காலை ஊரடங்கைச் சில மணி நேரம் தளர்த்துகிறார்கள். கிழக்கே எல்லைக்குப் போகும் சாலை திறந்திருக்கிறது. "ரெண்டு பேருமே சொல்லுதாங்க தம்பி. ரோடு திறந்திருக்கு." முருகேசன், அப்படியென்றால் கிளம்புகிறோம் என்றான். செல்வி போனை வாங்கிக் காதில் வைத்தபோது அறுந்துவிட்டது.

மறுநாள் பகல் முழுவதும் ஒரு சத்தமும் இல்லை. வேனில் போய்க்கொண்டிருப்பார்கள், சிக்னல் இருக்காது என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். அது ஆடிப்பூரத்துக்கு முந்திய சமயம். தேருக்கு வருகிற கூட்டத்துக்காகப் பால்கோவாக்காரர்கள் எல்லாம் பாலைக் கூட்டிக் கேட்பார்கள். நான் சோழபுரத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தேன். ஓட்டுவதும் நல்லதாகத்தான் இருந்தது, உட்கார்ந்திருக்க முடியவில்லை.

சாயங்காலம் எல்லோரும் அக்கா வீட்டில். இருமல்காரர் முதலில் வந்தார், போனார். பிறகு வெங்கலத்தொண்டை. அந்தப் பெண் வாசித்துக்கொண்டிருக்கும்போதே அக்கா முகம் மாறியது. முடியும் வரை பொறுத்திருந்து ரேடியோவை அணைத்தார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். முந்தின நாள் சாலை திறந்தது என்று இருமல்காரர் சொன்னபோது, அந்தச் சாலை ஓரச் சந்தையில் ஒரு வெங்காய வியாபாரி பேசியதையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். கடையைத் திறந்துவிட்டேன், வண்டிகள் போகின்றன, என் வெங்காயம் அழுகுவதற்குள் இந்த நாடு சரியாகட்டும் என்று அவர் பேசினாராம். வெங்கலத்தொண்டை அன்றைக்குச் சுருக்கமாகச் சாலை திறந்தது என்று மட்டும் சொன்னாள். இன்றைக்கு விரிவாகச் சொல்லும்போது அவளும் ஒரு வெங்காய வியாபாரியைக் கொண்டுவந்தாள். அதே பேச்சு, அதே வரிசை, அதே அழுகும் வெங்காயம். இரண்டு தேசத்து நிலையமும் ஒரே ஆள் எழுதிக் கொடுத்ததை வாங்கி வாசித்திருக்கின்றன. அந்த ஆள் கேட்டது ஒரு வெங்காய வியாபாரியை. அந்தச் சந்தை சாலையின் டாக்கா பக்கத்து முனையில் இருக்கிறது. எல்லைப் பக்கத்து முனையைப் பற்றி யாருமே பேசவில்லை.

"நான் ரெண்டுன்னு எண்ணுனது ஒண்ணுதான்" என்றார் அக்கா. "ரோடு திறந்திருக்குன்னு நான் அந்தப் பையங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாது. எனக்குத் தெரியாதுன்னுதான் சொல்லியிருக்கணும்."

நீங்கள் ஒன்றை யோசித்துப் பார்க்க வேண்டும். அந்த வீட்டில் இருந்த எங்களில் ஒருவருக்கும் வங்காளி தெரியாது. அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் உலகத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. பையன்கள் வந்துசேர்ந்த பிறகு ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கலாம். வராமலே போனால் சொல்லாமலே இருந்திருக்கலாம். அவர் அப்போதே, எது எப்படி முடியும் என்று தெரியாதபோதே சொன்னார்.

சீனிவாசன் எழுந்துவிட்டார். "ஒங்களுக்குப் பிள்ளை குட்டி இருந்தா இப்பிடி ரோட்டக் காட்டியிருப்பியளா?" என்றார். அக்காவுக்குப் பிள்ளை கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். சுப்பையா எழுந்து சீனிவாசன் கையைப் பிடித்தார். அக்கா, விடு என்று கையைக் காட்டினார்.

"நீ வையி சீனிவாசா. ஆனா நாளைக்கு வராம இருந்திராத. நான் சொல்றத குறுக்கு கேள்வி கேக்க ஆளு வேணும்."

சீனிவாசன் பஸ்ஸுக்குப் போய்விட்டார். அக்கா செல்வியின் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்தார். அந்த வயதில் அவருக்குத் தரையில் உட்கார்வது லேசான காரியமில்லை. சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. செல்வி இப்போது பேனாவை நிறுத்திவிட்டாள். சரி, கொஞ்சம் கழித்து எழுதுவோம்.

மறுநாள் காலை நான் பால் கேனோடு செல்வியை எட்டிப் பார்க்கப் போனால் அக்கா வாசலில் நிற்கிறார். சீனிவாசன் வீட்டம்மாவிடம் நானே சொல்ல வேண்டும், கூட்டிப் போ என்கிறார். என் வண்டி மொபெட். இரண்டு பக்கமும் கேன். அதற்கு நடுவில் மாஸ்டர் வீட்டம்மாவை எங்கே உட்கார வைப்பது? பஸ்ஸில் வாருங்கள் என்றேன். பஸ்ஸில் ஏறினால் ஸ்ரீவில்லிபுத்தூர் போவதற்குள் மனசு மாறிவிடும் என்றார். ஒரு கேனைச் செல்வி வீட்டில் இறக்கிவைத்துவிட்டு அவரை ஏற்றினேன். வழியில் போகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். அவர் என் தோளைப் பிடித்த பிடி இரண்டு நாள் வலித்தது.

சீனிவாசனின் மனைவி அலமேலு பூஜை அறையில் இருந்தார். அவர் உட்காரச் சொல்லியும் அக்கா உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். வெங்காய வியாபாரியையும் விடவில்லை. அலமேலு முழுவதும் கேட்டுக்கொண்டார். அழவில்லை, வையவும் இல்லை. உள்ளே போய் இரண்டு தம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு அக்காவைப் பார்த்து, "இன்னைக்குச் சேதி எத்தன மணிக்கு?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே வந்தார்கள். சீனிவாசன் அக்கா முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தார். ஆனால் செய்தி முடிந்ததும் முதல் கேள்வி அவரிடமிருந்துதான் வந்தது. "இது யாரு பாத்துச் சொன்னது?" அக்கா, அதை அவன் சொல்லவில்லை என்றார். அப்படியென்றால் வேண்டாம் என்றார் சீனிவாசன். சரி, வேண்டாம் என்றார் அக்கா. அதிலிருந்து எங்கள் வழக்கமே அதுவானது. எத்தனை நிலையம் சொன்னது என்று யாரும் எண்ணவில்லை. கண்ணால் கண்டவன் யார் என்று கேட்டோம். நிறையச் செய்தி அதில் உதிர்ந்துபோனது. சில நாள் கையில் ஒன்றுமே மிஞ்சாது. சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போவோம்.

அப்படியிருக்க ஒரு நாள் முருகேசன் திரிபுராவிலிருந்து பேசினான். நம் நாட்டு நம்பர். அவன் குரலைக் கேட்டதும் செல்வி போட்ட சத்தத்தில் சுப்பையா தறிக்கூடத்திலிருந்து ஓடிவந்தார். நடந்தது பிறகுதான் தெரிந்தது. பாதி வழி வரை சாலை நன்றாகத்தான் இருந்திருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் மரத்தை வெட்டிப் போட்டு மறித்திருந்தார்கள். கல்லெறி. டிரைவர் இவர்களை இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டான். ரங்கனின் கணுக்காலில் கல் விழுந்து எலும்பு விட்டுப்போனது. முருகேசன் அவனைத் தூக்கிக்கொண்டு ஒரு அரிசி மில்லுக்குள் நுழைந்திருக்கிறான். அந்த மில்காரர் குடும்பம் ஊர் அடங்கும் வரை இவர்களை உள்ளேயே வைத்துச் சோறு போட்டு, மாட்டு வைத்தியர் ஒருவரைக் கொண்டு காலுக்குக் கட்டுப் போட்டு, பிறகு எல்லை வரை அனுப்பிவைத்திருக்கிறது. அந்தக் கட்டில் எலும்பு சரியாகக் கூடவில்லை. ரங்கன் இன்றைக்கும் லேசாகச் சாய்ந்துதான் நடக்கிறான்.

அவன் ஊருக்கு வந்ததும் அக்காவைப் பார்க்கப் போனான். நானும் இருந்தேன். அவன் நல்ல பையன். நாங்கள் கிளம்பாமல் அந்த மில்லிலேயே இருந்திருந்தால் அங்கே என்ன ஆகியிருக்குமோ, ஒருவேளை நீங்கள் சொன்னதால்தான் பிழைத்தோமோ என்னவோ என்றான். யாராக இருந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். நான் பிடித்துக்கொண்டிருப்பேன்.

அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "அது நமக்குத் தெரியாது கண்ணு. தெரியாதத எனக்குச் சாதகமாச் சொல்லாத" என்றார். சொல்லிவிட்டு அவன் காலை எடுத்துத் தன் மடியில் வைத்து, எங்கே வலிக்கிறது என்று அமுக்கிப் பார்த்தார். ரங்கன் கூச்சத்தில் நெளிந்தான்.

அக்காவைத் தூக்கிய நாளில் ரங்கன் வந்திருந்தான். சாய்ந்து நடக்கிறவன் முன்னால் பிடித்தால் பாடை ஒரு பக்கம் இறங்கும் என்று யாரோ சொன்னார்கள். சீனிவாசன் தன் மகனை யாரும் எதுவும் சொல்லவிடவில்லை. "அவன் பிடிப்பான். அந்தப் பக்கம் நான் பிடிக்கேன்" என்றார். அப்படியே போனார் அக்கா.

அவருடைய பொருள் என்று என்னிடம் ஒன்றும் இல்லை. ரேடியோவை அவர் தங்கை வீட்டுக்காரர்கள் கொண்டுபோனார்கள். என்னிடம் இருப்பதைச் சொல்கிறேன். நான் பால் ஊற்றுகிறவன், நாலு வீட்டு வாசலில் நிற்கிறவன். யார் எந்தக் கவலையைச் சொன்னாலும் "ஒண்ணும் ஆகாது தாயி, நல்லபடியா வந்திருவாக" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுப்பது என் வழக்கம். வாயில் இருக்கிற ஆறுதல்தானே, கொடுத்தால் தீர்ந்தா போகும்?

போன வாரம் சோழபுரத்தில் ஒரு பெண் வாசலில் நிறுத்தினாள். அவள் வீட்டுக்காரன் வளைகுடாவில் இருக்கிறான். அந்தப் பக்கம் குண்டு விழுகிறதாமே, போனில் படம் வந்திருக்கிறது, நிஜமா மாமா, நீங்கள்தான் நாலு இடம் போகிறவர் என்று கேட்டாள். வழக்கமான வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை விழுங்கினேன்.

"எனக்குத் தெரியாது தாயி" என்றேன்.

அந்தப் பெண் முகம் விழுந்துவிட்டது. தெரியாது என்று சொன்னவன் கிளம்பிப் போகக் கூடாது என்பதும் நான் அக்காவிடம் பார்த்ததுதான். கேனை நிழலுக்கு நகர்த்திவைத்துவிட்டு, அவளுடைய வாசற்படியில் உட்கார்ந்தேன். அவள் வீட்டுக்காரனுக்குப் போட்டுப் பார்த்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பால் வெகு தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது.